நாட்டுக்கோழி வளர்ப்பு: குஞ்சிலிருந்து முட்டை வரை நடக்கும் தவறுகள்

கூட்டைச் சுத்தமாக வையுங்கள், தண்ணீர் மாற்றுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடலாம். கொல்லையிலோ மொட்டை மாடியிலோ பத்துக் குஞ்சோடு ஆரம்பிப்பவர்கள் வருஷா வருஷம் சறுக்குவது வேறு இடங்களில்.

கலர் குஞ்சு வாங்குவது

முட்டைக்கோழிக் குஞ்சு பொரிப்பகங்களில் கழித்துவிடும் சேவல் குஞ்சுகளுக்குத்தான் சாயம் பூசி விற்கிறார்கள். முட்டை வராது.

முட்டைக்குப் பெருவிடை

பெருவிடை, அதாவது உருவில் பெரிய நாட்டுக்கோழி வகை, பார்க்கக் கம்பீரமாக இருக்கும், எடையும் நிற்கும், முட்டை குறைவு. வீட்டு முட்டைக்கு உருவில் சிறிய வகையான சிறுவிடைதான் தோது. அடையும் நன்றாகப் படுக்கும்.

எல்இடி பல்பில் புரூடர் (குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் கூண்டு)

வெளிச்சம் இருக்கிறது, குஞ்சு ஏன் சாகிறது என்று கேட்பார்கள். எல்இடியில் குஞ்சுக்குப் போதுமான சூடு வராது. 60 வாட் குண்டு பல்பு வேண்டும். முதல் வாரம் குஞ்சு நிற்கும் மட்டத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்தால் போதும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் குஞ்சைப் பாருங்கள். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கினால் குளிர். ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. தரைக்கு இரண்டு அங்குலம் உமி போடுங்கள். வழவழப்பான செய்தித்தாளை மட்டும் விரித்தால் கால் வழுக்கி, இரண்டு பக்கமும் விரிந்துபோகும்.

"தடுப்பூசி போட்டும் செத்துப்போச்சு"

இந்தப் பேச்சைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: வெள்ளைக்கழிச்சல் எனும் கோழிக்கழிச்சல் நோய்க்கான லசோட்டா தடுப்பு மருந்துக் குப்பியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெயிலில் பைக்கில் வருவார்கள். வீட்டுக் குழாய்த் தண்ணீரில் கலக்கிக் காலையில் வைத்தது சாயங்காலம் வரை அப்படியே கிடக்கும். குப்பியில் இருப்பது உயிருள்ள வைரஸ். வெயிலும் குளோரினும் அதைக் கொன்றுவிடும். குஞ்சு குடித்தது வெறும் தண்ணீர். இரண்டு மாதம் கழித்து வெள்ளைக்கழிச்சல் வந்து கூடே காலியானதும் பழி மருந்தின் மேல் விழும்.

குப்பி கடையின் குளிர்பெட்டியிலிருந்து ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்குக்கு மாற வேண்டும். வீட்டில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், ஃபிரீசரில் அல்ல. கலக்கும் திரவமும் குளிர்ந்திருக்கட்டும். பத்து இருபது குஞ்சுக்குத் தண்ணீரில் கலக்கும் வேலையே வேண்டாம். ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட்டு, குஞ்சு அதை உள்ளே இழுத்த பிறகு கீழே விடுங்கள். கலக்கியது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. மிச்சத்தை நாளைக்கு என்று எடுத்து வைக்கக் கூடாது.

அடுத்த சறுக்கல், ஒரு சொட்டோடு நிறுத்திவிடுவது. அந்தப் பாதுகாப்பு சில வாரங்களில் தேய்ந்துவிடும். 28ஆம் நாள் வாக்கில் மறுபடி லசோட்டா, எட்டு வாரத்தில் அதே நோய்க்கான ஆர்2பி அல்லது ஆர்டிவிகே ஊசி, தோலுக்கு அடியில் அரை மி.லி. இந்த ஊசியில் இருப்பது சற்று வீரியமான வைரஸ். லசோட்டா போடாத இளங்குஞ்சுக்கு இதைப் போட்டால் ஊசியே நோயாகிவிடும். ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்கம் செய்துவிடுங்கள். சோர்ந்து நிற்கும் கோழிக்குப் போடாதீர்கள்.

எட்டுக் கோழிக்கு 100 டோஸ் குப்பியா என்று தள்ளிப்போடுபவர்கள் தெருவில் கோழி வைத்திருப்பவர்களைச் சேர்த்து ஒரே நாளில் போட்டுக்கொள்ளலாம். கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். பிப்ரவரி வாக்கில் கோழிக்கழிச்சல் தடுப்பூசிக்கு இரு வார முகாம் நடத்துவார்கள், இலவசம். ஆனால் முகாமை மட்டும் நம்பினால் மார்ச்சில் பொரித்த குஞ்சு, நோய் அதிகம் பரவும் கோடையில் பாதுகாப்பில்லாமல் நிற்கும்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகிக்கொண்ட பிறகு சின்ன வெங்காயம், மஞ்சள், மிளகு எதுவும் அந்த வைரஸை நிறுத்தாது. செத்ததைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். குப்பையில் வீசினால் நாயும் காக்கையும் ஊரெல்லாம் கொண்டு சேர்க்கும்.

சந்தைக் கோழியை நேராகக் கூட்டில் விடுவது

மூன்று வாரம் தனியாக வையுங்கள். ஒரு நாளும் குறைக்காதீர்கள்.

குஞ்சுக்கு லேயர் (முட்டைக்கோழி) தீவனம்

சீக்கிரம் முட்டை வரும் என்று போடுகிறார்கள். லேயர் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து மூன்றரை முதல் நான்கு சதவீதம். குஞ்சுக்கு ஒரு சதவீதம் போதும். மிச்சத்தை வெளியேற்ற முடியாமல் சிறுநீரகம் கெடும். எட்டு வாரம் வரை குஞ்சுத் தீவனம், பிறகு வளர்கோழித் தீவனம். நாட்டுக்கோழி முட்டைக்கு வர ஐந்தரை, ஆறு மாதம் ஆகும். கொண்டை சிவந்து, கோழி மூலை தேட ஆரம்பித்ததும் லேயர் தீவனத்துக்கு மாற்றுங்கள். கூடவே கிளிஞ்சலை நொறுக்கித் தனித் தட்டில் வைத்தால் வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். பூஞ்சை பிடித்த மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, உப்பு தூக்கலான மிச்சச் சோறு எதுவும் வேண்டாம்.

கீரி, பூனை

அரை அங்குலக் கம்பி வலை. மெல்லிய கம்பியில் பின்னிய கோழி வலையைக் கீரி ஒரு தடையாகவே நினைக்காது.

முட்டையைக் கொத்தும் கோழி

முட்டையிட இருட்டான இடம் இல்லாததும், ஓடு மெலிந்து முட்டை உடைவதும்தான் பெரும்பாலும் காரணம். நாலைந்து கோழிக்கு ஓர் அடி அகலப் பெட்டி ஒன்று, உள்ளே வைக்கோல். மதியத்துக்குள் முட்டையை எடுத்துவிடுங்கள். ருசி கண்ட கோழியைத் திருத்துவது கஷ்டம். பிரித்து வையுங்கள், மற்றவை பழகுவதற்குள்.