பிள்ளைகளோடு சியாங் மாய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடக்குத் தாய்லாந்தின் சியாங் மாய் நகரத்துக்குக் குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் பெரும்பாலும் பள்ளி விடுமுறையையும் விமானச் சீட்டு விலையையும் பார்த்து மாதத்தை முடிவு செய்கிறார்கள். பெரிய தவறு அங்கேதான் தொடங்குகிறது. எந்த ஹோட்டல், எந்தக் கோயில், எத்தனை நாள் என்பதெல்லாம் பிறகு சரிசெய்துகொள்ளக் கூடியவை. மாதம் தவறினால் மற்ற எதையும் சரியாக அமைக்க முடியாது.

காரணம் புகை. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை வடக்குத் தாய்லாந்தில் எரிப்புக் காலம். அறுவடை முடிந்த வயல்களுக்குத் தீ வைப்பார்கள், மலைக்காடுகளிலும் தீ பரவும், போதாததற்கு மியான்மர், லாவோஸ் பக்கத்துப் புகையும் வந்து சேரும். சியாங் மாய் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. அந்த மாதங்களில் மேலே வெப்பக் காற்று ஓர் அடுக்காகப் படிந்துவிடுவதால், மூடி போட்ட பானைக்குள் ஆவி நிற்பதுபோல் புகை நகரத்தின் மேலேயே நிற்கும். உலகில் காற்று மிக மோசமான பெருநகரங்களின் பட்டியலில் மார்ச் மாதத்தில் இந்த ஊர் முதலிடத்துக்கு வந்த நாட்கள் உண்டு. நகரத்தை ஒட்டியே நிற்கும் தொய் சுதெப் மலை அப்போது கண்ணுக்கே தெரியாது.

பெரியவர்கள் முகக்கவசம் போட்டுச் சமாளித்துவிடலாம். பிள்ளைகள் உடல் எடைக்கு ஒப்பிட்டால் நம்மைவிட அதிகக் காற்றை இழுப்பவர்கள், ஓடிக்கொண்டே இருப்பவர்கள். என்95 கவசம் சிறு முகத்தில் சரியாகப் பொருந்தாது, ஓரத்தில் இடைவெளி விட்டால் பயனும் இல்லை. வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால் மார்ச் மாதத்தை யோசிக்கவே வேண்டாம். சலுகை விலையில் சீட்டு கிடைத்தாலும் வேண்டாம்.

அப்படியானால் எப்போது? நவம்பரிலிருந்து ஜனவரி வரை வானிலை அருமை. அரையாண்டு விடுமுறையில் போனால் குளிர் இதமாக இருக்கும், ஆனால் டிசம்பர் கடைசி வாரத்தில் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். பொங்கல் விடுமுறையோடு இரண்டு மூன்று நாள் சேர்த்துக்கொள்ள முடிந்தால் அதுவே என் முதல் பரிந்துரை. கோடை விடுமுறை மட்டும்தான் கிடைக்கும் என்பவர்கள் ஏப்ரலை விட்டுவிட்டு மே இரண்டாம் பாதிக்குத் தள்ளுங்கள். அதற்குள் மழை தொடங்கிக் காற்றைக் கழுவிவிடும், மலைகள் பச்சை பிடிக்கும், மாம்பழமும் கிடைக்கும்.

காலாண்டு விடுமுறை மழைக்காலத்தின் கடைசிப் பகுதி. பிற்பகலில் கொட்டித் தீர்த்துவிட்டு ஓயும் மழை என்றால் பயமில்லை. ஆனால் 2024 அக்டோபர் தொடக்கத்தில் பிங் ஆறு பெருகி நகரத்துக்குள் வந்துவிட்டது. அந்த மாதங்களில் ஆற்றங்கரை விடுதிகளைத் தவிர்த்து, பழைய நகரத்துக்குள்ளோ அதற்கு மேற்கே நிம்மான் பகுதியிலோ தங்குவது நல்லது.

திருவிழாவைக் குறிவைத்துப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சொங்க்ரான் புத்தாண்டு ஏப்ரல் 13 முதல் 15 வரை, நம் சித்திரை முதல் நாளை ஒட்டியே வரும். பழைய நகரத்தைச் சுற்றியுள்ள அகழியில் மொண்டும், சிறு லாரிகளில் ஐஸ் கட்டி போட்ட பீப்பாய்களை வைத்தும் நாள் முழுக்கத் தண்ணீர் வீச்சு நடக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு அது கொண்டாட்டம். மூன்று வயதுக் குழந்தைக்கு முகத்தில் திடீரென ஐஸ் தண்ணீர் விழுந்தால் பயணம் முழுக்க அழுகைதான். நீச்சல் கண்ணாடி வாங்கிப் போங்கள், அகழித் தண்ணீர் வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறு குழந்தைகளைக் காலையிலேயே கோயில்களுக்குக் கூட்டிப்போய் மணல் கோபுரங்களைக் காட்டிவிட்டு விடுதிக்குத் திரும்பிவிடலாம். நவம்பர் பௌர்ணமியில் வரும் யீ பெங் விளக்குத் திருவிழா வேறு மாதிரி. வானில் விளக்குகள் பறப்பதால் அந்த இரவுகளில் பல விமானங்களை ரத்து செய்வார்கள், இல்லையென்றால் நேரம் மாற்றுவார்கள். ஊர் திரும்பும் விமானத்தை அந்த நாளில் வைக்காதீர்கள்.

இனி யானை. சியாங் மாய் என்றதும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான், பெற்றோர் அவசரத்தில் முடிவெடுப்பதும் இதில்தான். சவாரி வேண்டாம் என்பது இப்போது பலருக்கும் தெரியும். சவாரிக்கும் வித்தைக்கும் பழக்க, குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, கட்டிப்போட்டு, அடித்து, அதன் மனத்தை உடைக்கும் முறைக்கு அங்கே பஜான் என்று பெயர். படம் வரையும் யானையும் பந்து உதைக்கும் யானையும் அப்படிப் பழக்கப்பட்டவைதான். இதைத் தெரிந்துகொண்டு ‘சரணாலயம்’ என்று பலகை வைத்த இடத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். முன்பு சவாரி நடத்தியவர்களே இருக்கையை மட்டும் கழற்றிவிட்டு, யானையைக் குளிப்பாட்ட வாருங்கள் என்று அழைப்பதும் உண்டு.

குளிப்பாட்டுவதில் என்ன தவறு என்று தோன்றலாம். புதிய முகங்கள் கூட்டம் கூட்டமாக வந்து தண்ணீருக்குள் சூழ்ந்துகொள்வதை எந்த யானையும் விரும்பாது. சகித்துக்கொள்ளும்படி பழக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 2025 ஜனவரியில் தெற்குத் தாய்லாந்தில் யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு சுற்றுலாப் பயணி அதே யானை தாக்கி இறந்தார். மூன்று டன் விலங்கின் காலடியில், வழுக்கும் சேற்றில், நம் குழந்தையை நிறுத்துகிறோம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

முன்பதிவு செய்யும் முன் நேராகக் கேளுங்கள். சவாரி உண்டா, வித்தை உண்டா, பார்வையாளர்கள் யானையோடு குளிக்கிறார்களா, குட்டிகள் நாள் முழுக்கப் பார்வையாளர் நடுவே நிற்கின்றனவா, மந்தையாக உலவ இடம் இருக்கிறதா? மழுப்பலாகப் பதில் வந்தால் விட்டுவிடுங்கள். தூர நின்று பார்ப்பது மட்டுமே என்று நடத்தும் இடங்கள் சியாங் மாயைச் சுற்றிலும் இருக்கின்றன. சேங்துவன் சைலெர்ட் என்ற பெண்மணி தொடங்கிய எலிபன்ட் நேச்சர் பார்க், வடக்கே மே தேங் பள்ளத்தாக்கில் இருப்பது, இவற்றில் நன்கு அறியப்பட்டது. தொட முடியாவிட்டால் பிள்ளைகள் ஏமாந்துவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். கோயில் வாசலில் சங்கிலியோடு நிற்கும் யானையை மட்டுமே பார்த்த குழந்தைக்கு, ஏழெட்டு யானைகள் தம் போக்கில் மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொள்வதைப் பார்ப்பதே பெரிய விஷயம்.

அடுத்தது தூரம். ஒரு நாள் சுற்றுலா என்று விற்பதையெல்லாம் பிள்ளைகளுக்கும் ஒரு நாள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வடகிழக்கே உள்ள சியாங் ராய் நகரத்தின் வெள்ளைக் கோயிலுக்குப் போக மட்டும் மூன்று மணி நேரம். அதோடு தாய்லாந்து, மியான்மர், லாவோஸ் எல்லைகள் சந்திக்கும் தங்க முக்கோணத்தையும் சேர்த்து விற்கும் சுற்றுலாவில் பிள்ளைகள் பகலெல்லாம் வேனில்தான் இருப்பார்கள். போகத்தான் வேண்டும் என்றால் சியாங் ராயில் ஓர் இரவு தங்குங்கள். பாய் என்ற சிற்றூருக்குப் போகும் மலைப்பாதையில் 762 வளைவுகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். வாந்தி வரும் பிள்ளை உள்ள குடும்பம் அதைத் தயங்காமல் விட்டுவிடலாம். தாய்லாந்தின் மிக உயர்ந்த சிகரமான தொய் இந்தனோன், 2,565 மீட்டர், போய்வரத் தகுந்த இடம். ஆனால் ‘தாய்லாந்து என்றால் வெயில்’ என்று அரைக்கால் சட்டையோடு கிளம்பிவிடாதீர்கள். டிசம்பர், ஜனவரிக் காலைகளில் உச்சியில் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும்.

இவற்றைவிடப் பிள்ளைகள் கொண்டாடுவது அருகிலுள்ள சின்ன இடங்களை. புவா தோங் அருவியில் சுண்ணாம்புப் படிவம் பாறைமேல் சொரசொரப்பாகப் படிந்திருப்பதால், கொட்டும் தண்ணீருக்குள்ளேயே வெறுங்காலில் ஏறலாம். எளிதில் வழுக்காது. சன் கம்பேங் வெந்நீர் ஊற்றில் கூடையில் முட்டை வாங்கி ஊற்றிலேயே வேகவைத்துச் சாப்பிடலாம். போ சாங் கிராமத்தில் காகிதக் குடைக்குப் பூ வரைந்து தருவார்கள். காலையில் ஓர் இடம், மதியம் தூக்கமோ நீச்சலோ, மாலையில் ஒரு சந்தை என்று வைத்துக்கொண்டால் யாரும் களைப்பதில்லை. விலங்குக் காட்சிசாலையில் பாண்டா பார்க்கலாம் என்று பழைய பயணக் குறிப்புகளை நம்பிச் சொல்லி வைக்காதீர்கள். அங்கிருந்த கடைசிப் பாண்டா லின் ஹுய் 2023 ஏப்ரலில் இறந்துவிட்டது.

தொய் சுதெப் கோயிலுக்குப் போகும்போது கவனிக்க வேண்டியது படிகளைவிடப் பாதைதான். முந்நூறு சொச்சம் படி ஏற முடியாதவர்களுக்குப் பக்கத்திலேயே மின்தூக்கி உண்டு. ஆனால் சொங்தேவ் எனப்படும் சிவப்புப் பகிர்வு வண்டியில் பக்கவாட்டில் உட்கார்ந்து வளைந்து வளைந்து ஏறும்போது பல பிள்ளைகளுக்குக் குமட்டும். கார் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கோயிலிலும் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், புத்தரை நோக்கிக் கால் நீட்டக் கூடாது. வாட் செதி லுவாங் வளாகத்தில் நகரத்தைக் காப்பதாக நம்பப்படும் நகரத் தூண் இருக்கும் சிறு சன்னிதிக்குள் பெண்களுக்கு அனுமதியில்லை. மகளோடு போகிறவர்கள் வாசலில் வைத்துச் சொல்வதற்குப் பதில் முன்னரே சொல்லிவிடுங்கள்.

பாங்காக் வழியாகப் போகும்போது விமான நிலையத்தைக் கவனியுங்கள். தாய் ஏர்வேஸ் இறங்குவது சுவர்ணபூமி, ஏர் ஏசியா இறங்குவது தோன் முவாங். ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறும்படி தனித்தனியாகச் சீட்டு எடுத்தால், பெட்டிகளையும் தூங்கும் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு நகரப் போக்குவரத்தைக் கடக்க வேண்டும். இரவு ரயிலும் நல்ல வழி. ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரம், பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகும். கீழ்ப் படுக்கை அகலமானது, அதையே கேளுங்கள். வடக்கே போகும் நெடுந்தூர ரயில்கள் 2023 ஜனவரியிலிருந்து குருங் தெப் அபிவத் நிலையத்தில் புறப்படுகின்றன, பழைய ஹுவா லம்போங்கில் இல்லை.

சாப்பாட்டில், காய்கறி மட்டும் என்று சொன்னால் சைவம் வந்துவிடும் என்ற நம்பிக்கை ஆபத்து. மீன் சாறும் இறால் விழுதும் கண்ணுக்குத் தெரியாமல் எல்லாவற்றிலும் இருக்கும், பப்பாளி சாலட்டில்கூட. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் ‘ஜே’ என்று போட்ட கடைகளைத் தேடுங்கள். அங்கே முட்டையும் பாலும்கூட இருக்காது. இந்த ஊரில் அத்தகைய கடைகளுக்குப் பஞ்சமில்லை. ‘மாய் பெத்’ என்றால் காரம் வேண்டாம். ஒட்டும் அரிசிச் சோறும் தெருவோர வாழைப்பழ ரொட்டியும் அடம்பிடிக்கும் பிள்ளைகளையும் சாப்பிட வைக்கும். நிலக்கடலை ஒவ்வாமை இருந்தால் அதைத் தாய்லாந்து மொழியில் எழுதிய சீட்டு ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

ஸ்கூட்டர் வாடகை மலிவுதான். ஆனால் பிள்ளை அளவுக்குத் தலைக்கவசம் கிடைப்பது அரிது. இருசக்கர வண்டிக்குரிய சர்வதேச உரிமம் இல்லாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைவிடும். கிராப் செயலியில் கார் கூப்பிடுங்கள். தெரு நாய்களையும் கோயில் நாய்களையும் தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லுங்கள். தாய்லாந்தில் வெறிநாய்க்கடி நோய் இன்னும் இருக்கிறது. கீறல் பட்டாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடாதீர்கள்.

கடைசியாக, 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் வரும் வெளிநாட்டவர் எல்லோரும் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். கைக்குழந்தைக்கும் தனியாக ஒன்று வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் குடிவரவுத் துறையின் தளத்தில் நிரப்புங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் என்றால் அது அரசுத் தளம் இல்லை, உடனே மூடிவிடுங்கள்.