திருகை எண்ணினால் ரிவால்வரின் வயது தெரியும்

அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பழைய .38 ரிவால்வரா? குண்டு இல்லை என்று உறுதிசெய்துவிட்டு, பக்கத்தகட்டில் உள்ள திருகுகளை எண்ணுங்கள். அங்கே நான்கும் விசைக்காப்புக்கு (விசையைச் சுற்றியுள்ள வளையம்) முன்னால் ஒன்றுமாக ஐந்து இருந்தால், பெரும்பாலும் 1950களின் நடுப்பகுதிக்கு முந்தையது. அப்போதுதான் தகட்டின் மேல்திருகை நிறுத்தினார்கள். விசைக்காப்புத் திருகு 1961-இல் போனது. ஒரு திருகு கைப்பிடிக் கட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கும், அதை விட்டுவிட்டால் கணக்கு தப்பும். சிலிண்டரைத் திறந்தால் துப்பாக்கியின் உலோகச் சட்டகத்தில் 'மாடல்' எண் தெரிகிறதா? அப்படியானால் 1957-க்கு முன் போகாது. குழலில் இருக்கும் காப்புரிமைத் தேதியைத் தயாரிப்பு ஆண்டாக எடுத்து ஏமாறுபவர்கள்தான் அதிகம். நடுவில் மடங்கித் திறக்கும் ரகங்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.