மாமல்லபுரம் முதல் எல்லோரா வரை: ஒரு கோயில் வடிவத்தைத் தொடர்ந்து செல்லும் பயணம்

இந்தியாவின் பாரம்பரியச் சின்னங்களை முதன்முறையாகப் பார்க்கப் புறப்படுபவர்கள் பலரும் ஒரே விடுமுறைக்குள் பத்து ஊர்களை அடக்கிவிட முயல்கிறார்கள். அப்படிச் செல்லும்போது எல்லாக் கோயில்களும் ஒன்றுபோலவே தோன்றும். அதைவிட, ஒரே ஒரு கட்டட வடிவத்தை எடுத்துக்கொண்டு, அது வளர்ந்த காலவரிசையிலேயே ஊர் ஊராகச் சென்று பார்ப்பது நல்லது. திராவிட விமானம், அதாவது கருவறையும் அதன் மேல் எழும் கோபுரம் போன்ற கூரையும் சேர்ந்த தென்னிந்தியக் கோயில் வடிவம், அதற்கு மிகவும் ஏற்றது. கோடையையும் மழையையும் தவிர்த்து, ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் புறப்படுங்கள்.

படி 1: மாமல்லபுரத்தில் தொடங்குங்கள்

இங்கே நேரத்தைத் தாராளமாகச் செலவிடுங்கள். அடுத்த ஊர்களில் பார்க்கப்போகும் அனைத்திற்கும் அடிப்படை இங்குதான் இருக்கிறது. பாறையிலேயே செதுக்கப்பட்ட ஒற்றைக்கல் கோயில்களான ஐந்து ரதங்களில் முதலில் திரௌபதி ரதத்தின் முன் நின்றால், ஓலைக் குடிசையொன்றின் கூரை அப்படியே கருங்கல்லில் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். நகுல சகாதேவ ரதம், பின்புறம் வளைந்த தூங்கானை மாட வடிவம் கொண்டது. அருகிலேயே ஒரு கல் யானை நிற்பதால், இரண்டையும் பின்னாலிருந்து பார்த்தால் பெயரின் பொருள் உடனே விளங்கும்.

பிறகு தர்மராஜ ரதத்திற்கு வாருங்கள். விமானத்தின் உறுப்புகளைக் கீழிருந்து மேலாக அதிட்டானம் (அடிப்பீடம்), சுவர், பிரஸ்தரம் (கூரைப் பகுதி), கிரீவம் (கழுத்து), சிகரம் (தலை), ஸ்தூபி (உச்சிக் கலசம்) என்று சொல்லிப் பழகுங்கள். எண்பட்டைச் சிகரம் நேர்த்தியாக முடிந்திருக்க, கீழ்த்தளம் மட்டும் முற்றுப்பெறாமல் நிற்கிறது. சிற்பிகள் பாறையின் உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கிச் செதுக்கினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

படி 2: காஞ்சிபுரத்தில் கட்டுமானத்தைப் பாருங்கள்

பல்லவ மன்னன் ராஜசிம்மன் எடுப்பித்த கைலாசநாதர் கோயில், கற்களை அடுக்கிக் கட்டப்பட்டது. திருச்சுற்று மதிலை ஒட்டி வரிசையாக அமைந்த சிறு சன்னதிகளை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றபோது, இக்கோயிலின் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பித் தந்ததைக் கூறும் கன்னடக் கல்வெட்டு இங்கே ஒரு தூணில் உள்ளது. பகைவனின் கோயிலை இவ்வளவு மதித்த செயலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு தோன்றுகிறது. அடுத்த ஊருக்கு நம்மை அழைத்துச் செல்வதும் இக்கல்வெட்டுதான்.

படி 3: பட்டடக்கல்லில் ஒப்பிடுங்கள்

கர்நாடகத்தின் பாதாமியில் தங்கி, காலையில் பட்டடக்கல் சென்று திரும்புவது வசதி. அந்தக் காஞ்சி வெற்றியின் நினைவாக விக்கிரமாதித்தனின் அரசி லோகமகாதேவி எடுப்பித்த விரூபாட்சர் கோயிலில், காஞ்சியில் கண்ட மதிலோரச் சன்னதிகளையும் முன்னால் தனித்து நிற்கும் நந்தி மண்டபத்தையும் தேடுங்கள். அதே வளாகத்தில் வளைந்தெழும் நாகர சிகரம் (வட இந்தியப் பாணிக் கோபுரம்) கொண்ட கோயில்களும் இருப்பதால், வட, தென் இந்திய வடிவங்களின் வேறுபாட்டைச் சில அடி தூரத்திலேயே கற்றுக்கொள்ளலாம்.

படி 4: எல்லோராவில் மேலிருந்து இறங்குங்கள்

மகாராஷ்டிரத்திலுள்ள எல்லோரா செவ்வாய்க்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும் என்பதால், பயண நாளை முன்கூட்டியே சரிபாருங்கள். 34 குகைகளில் 16ஆவதான கைலாசநாதர் கோயில், ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், ஒரே பாறையைக் குடைந்து உருவாக்கப்பட்டது. வாயிலுக்குள் நுழையும் முன், பக்கவாட்டிலுள்ள மலைச்சரிவில் ஏறி, மேலிருந்து சிகரத்தைப் பாருங்கள்; உளிகள் முதலில் இறங்கிய இடம் அதுதான். பிறகு கீழே வந்து, நந்தி மண்டபத்தையும் முதன்மைக் கோயிலையும் இணைக்கும் கற்பாலத்தைக் கவனியுங்கள். சரிவின் விளிம்பில் தடுப்பு இல்லாத இடங்களில் குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

நேரம் மீதமிருந்தால், வடகோடியிலுள்ள சமணக் குகைகளுக்கும் செல்லுங்கள். 32ஆவது குகையின் முற்றத்தில், சமணர்களுக்காக அதே திராவிட விமான வடிவில் செதுக்கப்பட்ட சிறிய ஒற்றைக்கல் கோயில் ஒன்று இருக்கிறது.