உபுண்டுவில் தேறும் சோதனை விண்டோஸில் தோற்பது ஏன்? பைத்தான் பழகுவோருக்கான செய்முறை

சேர்வராயன் மலைத் தோட்டங்களிலிருந்து வரும் காப்பிக்கொட்டையின் எடையை ஊர்வாரியாகக் கூட்டித் தரும் சிறிய பைத்தான் நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சேலத்தில், கல்லூரி ஆய்வகத்து உபுண்டு கணினியில் அதன் சோதனைகள் (விடை சரியா என்று தானாகப் பார்க்கும் சிறு நிரல்கள்) அனைத்தும் தேறுகின்றன. அதே கோப்புறையை வீட்டு விண்டோஸ் மடிக்கணினியில் இயக்கினால் சில தோற்கின்றன. கூட்டலில் பிழையில்லை. நிரலில் நாம் சொல்லாமல் விட்டதை ஒவ்வோர் இயங்குதளமும் தன் வழக்கப்படி நிரப்பிக்கொள்கிறது.

படி 1: பிழைச்செய்தியின் கடைசிப் பகுதியை முதலில் படியுங்கள். அங்கே 'யூனிகோட்டிகோட்எரர்' என்று இருந்தால் சிக்கல் எழுத்துக் குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையில்தான்.

படி 2: தரவுக் கோப்பு, தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளுக்கும் இடம் தரும் யூடிஎஃப்-8 முறையில் இருக்க, 'ஓபன்' கட்டளையில் குறியாக்கத்தைக் குறிப்பிடாவிட்டால், விண்டோஸில் பைத்தான் 3.14 வரையிலான பதிப்புகள் பெரும்பாலும் சிபி1252 என்னும் பழைய அட்டவணையைக் கொண்டே அதைப் படிக்கின்றன. தமிழ் மெய்யின் புள்ளி மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அவற்றுள் கடைசியானதற்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை என்பதால், 'சேலம்' என்ற சொல்லின் இறுதிப் புள்ளியில் நிரல் நின்றுவிடும். 'மலை' என்ற சொல்லின் ஒன்பது பைட்டுகளிலோ அத்தகையது எதுவும் இல்லை. ஆகவே பிழை எழாமல், பொருளற்ற ஒன்பது குறிகள் சத்தமின்றி உள்ளே வந்துவிடும். நின்றுவிடும் நிரலைவிட இதுவே எனக்கு அதிக அச்சம் தருவது. படிக்கும்போதும் எழுதும்போதும் 'என்கோடிங்' மதிப்பாக யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் கொடுங்கள். (எக்ஸெலில் யூடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமித்த கோப்பைப் படிப்பதாயின் 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுங்கள், இல்லையேல் முதல் நெடுவரிசையின் தலைப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொள்ளும்.)

படி 3: எதிர்பார்த்த விடையும் கிடைத்த விடையும் பார்வைக்கு ஒன்றாகவே இருந்தும் சோதனை தோற்றால், வரி முடிவை ஐயுறுங்கள். விண்டோஸில் எழுதப்படும் உரைக்கோப்பின் வரி இரண்டு குறிகளோடும், உபுண்டுவில் ஒன்றோடும் முடிவதால், பைட்டுகளை ஒப்பிடும் சோதனை உடையும். 'ஓபன்' கட்டளையின் 'நியூலைன்' மதிப்பையும், மாதிரிக் கோப்புகளுக்கு, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் அமைப்பின் 'கிட்ஆட்ரிபியூட்ஸ்' கோப்பில் வரி முடிவையும் நிலையாக்கிவிடுங்கள்.

படி 4: கோப்புப் பாதைகளுக்குச் சாய்கோட்டைக் கையால் ஒட்டாமல், அந்தந்தத் தளத்துக்கேற்பப் பாதையை அமைத்துத் தரும் பைத்தானின் 'பாத்லிப்' தொகுதியைப் பயன்படுத்துங்கள். ஆங்கிலக் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொதுவாகப் பொருட்படுத்தாது; உபுண்டு பொருட்படுத்தும்.

படி 5: சோதனைகளைப் பல இயங்குதளங்களில் தானாக இயக்கித் தரும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் உபுண்டு, விண்டோஸ், மேக்ஓஎஸ் மூன்றையும் 'மேட்ரிக்ஸ்' பட்டியலில் சேருங்கள். ஒன்று தோற்றதும் மற்றவற்றை நிறுத்திவிடும் 'ஃபெயில்-ஃபாஸ்ட்' அமைப்பை அணைத்து வைத்தால், எந்தத் தளத்தில் எந்தச் சோதனை உடைகிறது என்பது ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிடும்.