வீட்டுத் துயரத்தோடு வகுப்புக்கு வரும் குழந்தையை ஆசிரியர் அணுகும் முறை

முதல் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்க்கும் குழந்தையைச் சோம்பேறி என்று முடிவு செய்வதற்கு முன், காலையில் என்ன சாப்பிட்டது, இரவு எப்போது உறங்கியது என்று தனியே அழைத்துக் கேளுங்கள். தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆனால் தம்பி தங்கையைக் கவனித்துவிட்டுத் தாமதமாக வரும் பிள்ளைக்கு அந்த உணவு தவறிப்போகக்கூடும், அதைக் கவனியுங்கள்.

அடி உதைக்கு நடுவே வளரும் குழந்தையின் மனம் எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்தே இருப்பதால், வாய்ப்பாடும் வாசிப்பும் அதில் எளிதில் நிலைப்பதில்லை. நீங்கள் கையை உயர்த்தினாலே ஒடுங்குவது, விடுமுறை நெருங்கும்போது கலங்குவது, நன்றாகப் படித்த பிள்ளை திடீரெனப் பின்தங்குவது ஆகியவற்றைத் தேதியுடன் குறித்து வையுங்கள். குழந்தை பேச முன்வந்தால் குறுக்கிடாமல் கேளுங்கள். துருவித் துருவி விசாரிக்காதீர்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனெனில் பாலியல் கொடுமை என்று தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். பிற கொடுமைகளுக்கும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். பெற்றோரை உடனே வரவழைத்துக் கண்டிப்பது, என் கருத்தில், பெரும் தவறு: அன்றிரவு அடி வாங்கப்போவது அந்தக் குழந்தைதான்.

வீட்டில் அமைதியான மூலைகூட இல்லாத பிள்ளைக்கு, வீட்டுப்பாடத்தைப் பள்ளியிலேயே முடிக்க அரைமணி நேரம் ஒதுக்கிக் கொடுங்கள்.