ஆடியில் போட வேண்டிய இலைக் கணக்கு: கல்யாணச் சமையல் கான்ட்ராக்டர்களுக்கு

ஆடி பிறந்ததும் கல்யாண ஆர்டர் நின்றுவிடும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஒரு மாதம். பிறகு புரட்டாசியில் பாதி மந்தம். டிசம்பர் நடுவில் மார்கழி வந்து மறுபடி ஒரு மாதம் அடுப்பு அணைந்திருக்கும். இந்த நாட்களில் பலரும் செய்வது இரண்டுதான்: பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்ப்பது, பேஸ்புக்கில் விளம்பரம் போடுவது. பாத்திர வேலை அவசியம். விளம்பரத்துக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு இலைக்கு, அதாவது ஒருவர் ஒரு வேளை சாப்பிடுவதற்கு, உண்மையில் என்ன அடக்கம் ஆகிறது என்று கணக்குப் போடுவது. ஆவணிக்கும் தைக்கும் ரேட் கேட்டு ஆட்கள் வருவது ஆடியில்தான். அப்போது வாயில் வந்த தொகையைச் சொன்னால், சீசன் முழுக்க அதைச் சுமக்க வேண்டும்.

1. பில்களைக் கல்யாணவாரியாகப் பிரியுங்கள்

மாதவாரியாக அடுக்கிய பில் இந்த வேலைக்கு உதவாது. போன சீசனில் நான்கைந்து கல்யாணங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கவர் போடுங்கள். மளிகை, காய்கறி, பால் தயிர், எண்ணெய் நெய், வாழை இலை, தண்ணீர் பாட்டில், காஸ், வண்டி வாடகை, கூலி எல்லாம் அதற்குள் போக வேண்டும். கூலியில் மாஸ்டரையும் (தலைமைச் சமையல்காரர்) பரிமாறுபவர்களையும் எல்லோரும் எழுதிவிடுவார்கள். முந்தின நாள் காய் நறுக்க வந்தவர்களும் பாத்திரம் கழுவியவர்களும்தான் விட்டுப்போவார்கள்.

ஜி.எஸ்.டி. பற்றி இங்கேயே ஒன்று. வெளிக் கேட்டரிங்குக்குப் பொதுவாக 5% வரி, உள்ளீட்டு வரி வரவு கிடையாது. அதாவது 19 கிலோ வணிக சிலிண்டருக்கு நீங்கள் கட்டும் 18% திரும்பி வராது. ஆகவே எல்லா பில்லையும் வரி சேர்த்த தொகையாகவே எழுதுங்கள்.

இதற்கென்று விற்கும் கேட்டரிங் சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்லை. லாங் சைஸ் நோட்டு ஒன்று, போனில் கூகுள் ஷீட்ஸ், அவ்வளவு போதும். சீசன் தொடங்கியதும் கல்யாணத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் திறந்து, பில் கைக்கு வந்த உடனே போட்டோ எடுத்து அதில் போடச் சொல்லுங்கள்.

2. மொத்தத்தை இலையால் வகுக்கும்போது நடக்கும் தப்பு

ஆளைக் கவிழ்க்கும் இடம் இதுதான். எண்கள் உதாரணத்துக்கு: காலை டிபன் 400 இலை, முகூர்த்தச் சாப்பாடு 500, வரவேற்பு விருந்து 600. மொத்தச் செலவு ரூ. 2,72,000. எல்லோரும் உடனே செய்வது 1,500-ஆல் வகுப்பது. இலைக்கு சுமார் 181 ரூபாய் என்று வரும்.

அந்த 181 எந்த இலைக்கும் உரிய விலை இல்லை. இட்லி, பொங்கல், வடை, கேசரியோடு முடியும் இலையும், இரண்டு இனிப்பு, பனீர், ஐஸ்கிரீம், பீடா வரை நீளும் இலையும் ஒரே விலை ஆகுமா?

முகூர்த்தச் சாப்பாட்டின் செலவை 1 என்று வைத்துக்கொண்டு, மற்றதன் செலவு அதில் எத்தனை பங்கு என்று ஒரு எடை கொடுங்கள். எடையை அனுமானமாகப் போடக் கூடாது. நீங்கள் வழக்கமாகச் செய்யும் டிபன், சாப்பாடு, வரவேற்பு மெனு மூன்றுக்கும் 100 இலைக்கான சாமான் பட்டியல் எழுதி, இன்றைய கடை விலையில் கூட்டி, சாப்பாட்டுத் தொகையால் மற்ற இரண்டையும் வகுத்தால் எடை வந்துவிடும். சாப்பாட்டுப் பட்டியலில் அரிசி 10 முதல் 12 கிலோவுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். 15-ஐத் தாண்டியிருந்தால் பட்டியல் தப்பு, அல்லது சோறு குப்பைக்குப் போகிறது.

டிபனுக்கு 0.5, வரவேற்புக்கு 1.1 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம்.

டிபன்: 400 × 0.5 = 200
சாப்பாடு: 500 × 1 = 500
வரவேற்பு: 600 × 1.1 = 660
மொத்தம்: 1,360 எடை இலை

2,72,000-ஐ 1,360-ஆல் வகுத்தால் 200. சாப்பாடு 200 ரூபாய், டிபன் 100, வரவேற்பு 220.

பழைய 181-ஐ நம்பி, வரவேற்பு மட்டும் கேட்டு வந்தவரிடம் இலை 200 என்று ஒப்புக்கொண்டிருந்தால் இலைக்கு 20 ரூபாய் கைநஷ்டம், 600 இலைக்கு 12,000. வளைகாப்புக்கு டிபன் மட்டும் கேட்டவருக்கும் அதே 200 சொல்லியிருப்பீர்கள். அவர் அடுத்த ஆளிடம் போயிருப்பார். நஷ்டம் தரும் ஆர்டர் வந்து சேர்ந்து, லாபம் தரும் ஆர்டர் கைநழுவுவது இப்படித்தான்.

வகுக்க வேண்டியது போட்ட இலையால், பேசிய இலையால் அல்ல. 500 பேசி 560 இலை போட்டிருந்தால், அந்த 60-க்குப் பணம் வாங்கினீர்களா என்று தனியே குறியுங்கள்.

3. ஆடி மாத வாடகையையும் இலைதான் கட்ட வேண்டும்

குடோன் வாடகை, நிரந்தர ஆட்களின் சம்பளம், வண்டித் தவணை, பாத்திரத் தேய்மானம், லைசென்ஸ் எல்லாம் சேர்த்து மாதம் 60,000 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 7,20,000. வருடம் 30,000 எடை இலை போட்டால் இலைக்கு 24 ரூபாய். வேலை நடக்கும் எட்டு மாதத்துக்கு மட்டும் கணக்கிட்டால் 16 என்று வரும். எட்டு ரூபாய்தானே என்று விட்டால், 30,000 இலைக்கு 2,40,000.

இந்த 24-ஐயும் எடைப்படி சேர்த்தால் இப்போது சாப்பாடு 224, டிபன் 112, வரவேற்பு சுமார் 246. சாப்பாட்டுக்கு 240 வாங்கினால் 40 ரூபாய் லாபம் போலத் தெரியும். கையில் நிற்பது 16.

4. ரேட் தாளில் இரண்டு வரி

ஆடியில் பேசித் தையில் சமைக்கிறீர்கள். இடையில் விலை ஏறாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. 2025-ல் தேங்காயும் தேங்காய் எண்ணெயும் ஏறியபோது, முன்கூட்டியே ரேட் பேசியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். ஆகவே ஒப்புதல் தாளில் ஐந்து சாமானின் அன்றைய விலையை எழுதுங்கள்: கடலை எண்ணெய், துவரம் பருப்பு, நெய், தேங்காய், முந்திரி. இவற்றின் கூட்டு விலை 10%க்கு மேல் ஏறினால் அந்த வித்தியாசம் மட்டும் சேரும் என்று ஒரு வரி. இறங்கினால் குறைத்துக்கொள்வோம் என்றும் சேர்த்து எழுதினால் பெண் வீட்டார் தயங்காமல் கையெழுத்துப் போடுவார்கள். இன்னொரு வரி: உறுதி செய்த இலைக்கு மேல் போடும் ஒவ்வொரு இலைக்கும் அதே ரேட், பந்தி முடிந்ததும் இரு தரப்பும் சேர்ந்து எண்ணுவது.

5. பாத்திரம்

பித்தளை அண்டா, உருளி எல்லாவற்றுக்கும் ஈயம் பூச இதுவே நேரம். பூச்சு போன இடத்தில் புளி பட்டால் களிம்பு ஏறும். பூசுவது வெள்ளீயம் (டின்) தானா என்று நேரில் நின்று பாருங்கள், காரீயம் (லெட்) விஷம். சுத்த வெள்ளீயக் கம்பியைக் காதருகே வளைத்தால் கிரீச்சென்று மெல்லிய சத்தம் வரும். காரீயத்தில் அந்தச் சத்தம் வராது, காகிதத்தில் தேய்த்தால் கறுப்புக் கோடும் விழும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். அதனால் பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் காயவிடக் கூடாது என்று கை ஆட்களிடம் சொல்லி வையுங்கள். புதிதாகப் பூசியது ஒரே கல்யாணத்தில் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பாத்திரத்தில் பெயரையும் எண்ணையும் பெயின்டில் எழுதாமல் வெட்டிப் பொறித்துவிடுங்கள். கிரைண்டர் கல் கொத்துவது, பெல்ட் மாற்றுவது, அடுப்பு டியூப்பைச் சோப்பு நீர் தடவிப் பார்ப்பது எல்லாம் ஒரு நாள் வேலை.

கரண்டியையும் அளந்துவிடுங்கள். பாயசக் கரண்டி 100 மி.லி.யா 150 மி.லி.யா என்பது சின்ன விஷயமாகத் தெரியும். 500 இலைக்கு வித்தியாசம் 25 லிட்டர்.

6. காகிதங்கள்

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லைசென்ஸ் செல்லுபடியில் இருக்கிறதா என்று பார்த்து, முகூர்த்த நெரிசலுக்கு முன்பே சரிசெய்துவிடுங்கள். அந்த 14 இலக்க எண் 2022 ஜனவரி முதல் பில்லிலும் இருக்க வேண்டும். உணவைத் தொடும் ஆட்களுக்கு வருடம் ஒருமுறை மருத்துவச் சான்று வேண்டும், டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். ஊர் ஊராகப் போகும் மாஸ்டரை இதற்காக ஆடியில் மட்டுமே பிடிக்க முடியும்.

7. ஆட்களை விட்டுவிடாமல் இருக்க

ஆடியில் கல்யாணம் இல்லை, கோயில் இருக்கிறது. அம்மன் கோயில் அன்னதானம், ஆடிப்பெருக்குக்குக் கலந்த சாதம். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் அன்னதானம். இவற்றில் லாபம் குறைவுதான். ஆனால் குடோன் வாடகை எப்படியும் ஓடிக்கொண்டிருப்பதால், சாமான், கூலி, காஸ், வண்டி நான்கும் போக இலைக்குப் பத்து ரூபாய் நின்றாலே எடுக்கலாம். மாஸ்டரும் வேறு குழுவுக்குப் போகமாட்டார். இந்த ரேட்டை மட்டும் தனித் தாளில் எழுதி, "ஆடிக்கு மட்டும்" என்று தேதியோடு கொடுங்கள். இல்லாவிட்டால் அதே கோயில் நிர்வாகி ஆவணியில் தன் பெண் கல்யாணத்துக்கும் அதையே கேட்பார்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட இரண்டு சிக்கல்கள்.

பில்லே இல்லை என்றால்: வாடிக்கையாக வாங்கும் மளிகைக் கடையில் உங்கள் பெயரில் பற்று வரவு இருக்கும், நகல் கேளுங்கள். சந்தைக் காய்கறிக்கு எதுவும் கிடைக்காது. அதற்கு 100 இலைப் பட்டியலையே வைத்துக்கொண்டு 10% கூட்டிப் போடுங்கள்.

எத்தனை இலை போட்டோம் என்று எழுதவில்லை என்றால்: வாங்கிய இலையில் மீந்ததையும் கிழிந்ததையும் கழியுங்கள். அதைத் தண்ணீர் பாட்டில் கணக்கோடு ஒப்பிடுங்கள். பாட்டில் எப்போதும் சற்று கூடுதலாகவே இருக்கும், கையோடு எடுத்துப் போவார்கள். இலையை விடப் பாட்டில் குறைவாக இருந்தால், இலைக் கணக்கில் ஏதோ தப்பு. அந்தக் கல்யாணத்தை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.