கோப்புப் பதிவேற்றம்: வலைச்செயலிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயனர் அனுப்பும் படத்தையோ ஆவணத்தையோ, செயலி இயங்கும் சர்வரின் வட்டிலேயே எழுதி வைப்பதுதான் மற்றப் பல சிக்கல்களுக்கும் வேராகிறது. உருவாக்குபவரின் கணினியில் குறையின்றி ஓடுவதால், இந்தத் தவறு சோதனையில் பெரும்பாலும் பிடிபடுவதில்லை. ஆனால் செயலிகளை இயக்கித் தரும் கிளவுட் சேவையான ஹெரோகுவில், செயலி ஓடும் ‘டைனோ’ என்ற கொள்கலன் நாளுக்கு ஒரு முறையாவது மறுதொடக்கம் ஆகிறது. அப்போது அதன் வட்டில் எழுதியவை அனைத்தும் அழிந்துவிடும். மறுதொடக்கமே இல்லையென்றாலும், செயலியின் இரண்டு பிரதிகள் ஓடும்போது ஒன்றில் ஏற்றிய கோப்பு மற்றொன்றுக்குத் தெரியாது.

இதற்கு மாற்றாகப் பலர் டேட்டாபேஸை நாடுகிறார்கள். சில கிலோபைட் அளவுள்ள கையொப்பப் படங்களுக்கு அது பொருந்தும். காணொளிகளை அதில் அடுக்கினால் ஒவ்வொரு பேக்கப்பும் பருத்து, மீட்டெடுக்கும் நேரமும் நீண்டுவிடும். கோப்பு, அமேசானின் எஸ்3 போன்ற ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜிலும் (கோப்புகளைச் சேமிப்பதற்கான கிளவுட் சேவை), அதன் உரிமையாளர், அளவு, நிலை ஆகிய விவரங்கள் டேட்டாபேஸிலும் இருப்பதே முறையானது.

சேமிப்பிடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகும், கோப்பைச் சர்வர் வழியாகவே கடத்துவது அடுத்த தவறு. சர்வரை நாமே பராமரிக்காமல் நிரலை இயக்க உதவும் அமேசான் சேவையான ஏ.டபிள்யூ.எஸ் லாம்டாவை நேரடியாக அழைத்துப் பதிலுக்குக் காத்திருக்கும் முறையில் அதன் உள்ளீட்டு வரம்பு 6 எம்.பி.; பைனரி தரவை பேஸ்64 என்ற எழுத்து வடிவத்துக்கு மாற்றும்போது அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுவதால், உண்மையில் சுமார் 4.5 எம்.பி. கோப்புதான் உள்ளே போகும். சர்வர் அனுமதியை மட்டும் சரிபார்த்து, சில நிமிடங்களே செல்லுபடியாகும் பிரீசைன்டு யூ.ஆர்.எல்லை (முன்கூட்டியே கையொப்பமிட்ட அனுமதி இணைப்பு) வழங்கினால், உலாவி நேரடியாக ஸ்டோரேஜுக்கு அனுப்பிவிடும். இங்கேயும் ஒரு பொறி உண்டு: வழக்கமான புட் (PUT) முறை இணைப்பு, கோப்பின் அளவுக்கு உச்சவரம்பு விதிப்பதில்லை. வரம்பு வேண்டுமானால், போஸ்ட் (POST) முறையின் பாலிசியில், அதாவது பதிவேற்ற நிபந்தனைகளில், அளவு எல்லையைக் குறிப்பிட வேண்டும். ஸ்டோரேஜில் கோப்புக்கு இடும் பெயரையும் சர்வரே உருவாக்க வேண்டும். பயனர் தந்த பெயரை அப்படியே பயன்படுத்தினால் ஒருவரது கோப்பின் மேல் மற்றொருவரது கோப்பு எழுதப்படலாம்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது கோப்பின் வகையைச் சரிபார்க்கும் இடத்தில்தான். கோப்பின் பின்னொட்டு, உலாவி அறிவிக்கும் வகை ஆகிய இரண்டையும் அனுப்புபவர் விரும்பியபடி மாற்றிவிட முடியும் என்பதால், வகையைக் காட்டும் உள்ளடக்கத்தின் தொடக்க பைட்டுகளைச் சர்வர் பக்கத்தில் படித்துப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையில் தேறிய பிறகே டேட்டாபேஸில் அதன் நிலை ‘தயார்’ என மாற வேண்டும். தொடக்க பைட்டுகள் சரியாக இருந்தாலும் முழுக் கோப்பும் தீங்கற்றது என்று கொள்ள முடியாது. எஸ்.வி.ஜி படத்துக்குள் ஜாவாஸ்கிரிப்டை வைக்கலாம். ஆகவே பயனர்களின் கோப்புகளைச் செயலியின் டொமைனிலிருந்து வழங்காமல், தனி டொமைனிலிருந்து வழங்குவது நல்லது. படங்களைச் செயலாக்கும் மென்பொருளே தாக்குபவருக்கு வாயிலாகிவிடக்கூடும் என்பதை, 2016-இல் இமேஜ்மேஜிக் என்ற படச் செயலாக்க மென்பொருளில் வெளிப்பட்ட இமேஜ்டிராஜிக் குறைபாடு காட்டியது. எனவே சிறுபடம் தயாரிக்கும் வேலையை, அதிக உரிமைகள் இல்லாத தனிச் செயல்முறையில் வைத்திருங்கள். அதே கட்டத்தில், புகைப்படத்தோடு கேமரா பதிந்து வைக்கும் எக்ஸிஃப் தரவில் உள்ள இருப்பிடத்தையும் நீக்கிவிட வேண்டும். வீட்டு முகவரியைத் தெரியாமலே வெளியிட்டுவிடும் பயனரைக் காக்கும் பொறுப்பு நம்முடையது.

பெரிய கோப்புகளைப் பகுதி பகுதியாக ஏற்றும் மல்டிபார்ட் முறையில், பாதியில் நின்றுபோன பகுதிகள் எஸ்3-இன் வழக்கமான பட்டியலில் தெரியாவிட்டாலும் அவற்றுக்கான கட்டணம் தொடரும். முடிவடையாத பதிவேற்றங்களைச் சில நாட்களில் தானாக நீக்கும் லைஃப்சைக்கிள் விதியை, பக்கெட்டை (எஸ்3-இல் கோப்புகளை வைக்கும் கொள்கலன்) உருவாக்கும்போதே சேர்த்துவிடுங்கள்.